முன்சொல் இல்லாத விடுதி

சின்ன காஞ்சிபுரத்தில் நான் நூலகராக இருந்த நாட்களில், என் படிப்பைவிட என் நாற்காலிகளுக்குத்தான் மரியாதை அதிகம். கிளை நூலகத்தில் மடக்கு நாற்காலிகள் இருந்தன. ஊரில் எந்தக் கூட்டம் நடந்தாலும் அவை போகும். போனவை முழுசாகத் திரும்புகின்றனவா என்று பார்க்க நானும் பின்னாலேயே போவேன். இப்படிப் போய்ப் போய்த்தான் ஊர் நலக் குழுவுக்குச் செயலாளர் ஆனேன். யாரும் என்னைத் தேர்ந்தெடுத்ததாக நினைவில்லை. ஒருநாள் யாரோ, "செயலாளர் இன்னா சொல்றார்?" என்று கேட்டார்கள். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தேன். சுவர்தான் இருந்தது.

குழுவின் சாதனைகளைச் சொல்லப் புறப்பட்டால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஒரு தோல்வியைச் சொல்கிறேன்.

வரதராசப் பெருமாள் கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீடு பூட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் ஒரே தறியில் உட்கார்ந்து தொடங்கி, தெருவில் பாதித் தறிகளுக்கு முதலாளியான பட்டுக்காரப் பெரியவர். பிள்ளைகள் சென்னைக்குப் போய்விட்டார்கள். அவர் தனக்கு ஒரு சிறிய வீடு போதும் என்று அதில் இருந்தார். அறுபதுகளின் பிற்பகுதியில், ஒரு தை மாதக் கூட்டத்தில் அவர் எழுந்து, "ஊருக்கு ஒரு விடுதி வேணும்பா. என் பெரிய வூட்ட எடுத்துக்குங்க" என்றார். சொல்லிவிட்டு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்.

கைதட்டல் கூரையைத் தூக்கியது. கைதட்டியவர்கள் ஒரே காரணத்துக்காகத் தட்டவில்லை என்பது கொஞ்சம் பொறுத்துத்தான் தெரிந்தது.

விடுதி என்கிற சொல் தனியாக நிற்கத் தெரியாத சொல். முன்னால் இன்னொரு சொல் வந்து கையைப் பிடித்தால்தான் அதற்கு முகம் வரும். பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை கைதட்டியது மாணவியர் விடுதிக்கு. சுற்றுக் கிராமங்களில் எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுவிடும். அதற்கு மேல் படிக்க வேண்டிய பெண்கள் வீட்டில் நின்றுவிடுவார்கள். அரசாங்க டாக்டரம்மா கைதட்டியது பிரசவ விடுதிக்கு. நெசவாளர் வீடுகளில் தறிக்குழிக்குப் பக்கத்தில் பாய் விரித்து நடக்கும் பிரசவங்களைப் பார்த்து அவருக்கு இளமையிலேயே நரை விழுந்திருந்தது. சன்னதித் தெருப் புடவைக் கடைக்காரர் கைதட்டியது பயணியர் விடுதிக்கு. வெள்ளைக்காரர்கள் காலையில் வேனில் வந்து, கோபுரத்தைப் போட்டோ எடுத்து, சாயங்காலமே மகாபலிபுரத்துக்கோ சென்னைக்கோ போய்விடுகிறார்கள் என்பது அவருடைய தீராத துக்கம். நான் கைதட்டியது கூட்டம் முடிந்துவிட்டதே என்பதற்காக.

மறுநாள் மூன்று பேரும் தனித்தனியாகப் பெரியவரைப் போய்ப் பார்த்தார்கள். மூன்று பேருக்கும் அவர், "ஆவட்டும்" என்றே சொன்னார். இதற்குள் பலகை எழுதும் பெயிண்டர் வந்துவிட்டார். அவரிடம் முழுப் பெயரைச் சொல்ல யாருக்கும் துணிவில்லை. பெரியவரே வழி சொன்னார்.

"இன்னாபா இதுக்குப் போய் இம்மாம் யோசன? விடுதின்னு வலது பக்கம் எழுதட்டும். முன்னாடி இடம் உடட்டும். புடவயில உடலு நெய்ஞ்சாச்சு. முந்தியப் பிந்திச் சேத்துக்கலாம்."

இது வெறும் பேச்சழகு இல்லை. எங்கள் ஊர்ப் புடவையில் உடலின் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் இழைகள், வேறு; முந்தானையான முந்தியின் பாவு வேறு. உடல் முடிந்த இடத்தில் வேறு நிறப் பாவை இழை இழையாகக் கோத்து இணைத்த பிறகே முந்தியை நெய்வார்கள். அந்த இணைப்பை அவர் வாழ்நாள் முழுக்கச் செய்தவர். எந்த இரண்டையும் பிறகு சேர்த்துவிடலாம் என்று அவர் நம்பியதில் தவறில்லை. நாங்களும் நம்பினோம். நான் அந்த வாக்கியத்தை வீட்டில் என் மனைவியிடம் என் சொந்த வாக்கியமாகச் சொன்னேன்.

பலகை ஏறியது. நீல நிறத்தில் வெள்ளை எழுத்து. வலது கோடியில் 'விடுதி'. இடது பக்கம், பந்தியில் யாருக்கோ இலை போட்டு வைத்ததுபோல, வெறும் நீலம்.

அந்த வெற்றிடத்தை என்னைவிட அக்கறையாகப் பார்த்தவர் ஒருவர் உண்டு. தாமல் ஏரிக்குக் கீழே நிலம் வைத்திருந்த விவசாயி. காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வருவார். திரும்பும்போது நூலகத்தில் நுழைந்து செய்தித்தாளை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருடைய மகள் அப்போது எட்டாவது. வகுப்பில் முதலாக வருபவள்.

"எங்க அக்கா அவ புள்ளைக்கு இவளக் கேட்டுக்கினே இருக்குது சார்" என்றார் ஒருநாள். "படிக்கிறான்னு சொன்னா அது வாயி கொஞ்ச நாளைக்கு மூடும். ஊட்ல சும்மா குந்த வச்சிக்கினு இன்னான்னு சொல்றது?"

"தினம் பஸ்ஸில் அனுப்பக்கூடாதா?"

"பஸ்ஸு நேரத்துக்கு வந்தா அனுப்பலாம். அது வர்ற நேரத்துக்கு எங்க ஊர்ல நரி வந்துரும். விடுதின்னா அனுப்பறேன். அந்த முன்னாடி எழுத்த எப்ப சார் எழுதுவாங்க?"

"சீக்கிரம்" என்றேன். செயலாளர்கள் சொல்கிற சொல் அது.

பங்குனியில் ஒருநாள் அவர் மகளையே கூட்டிக்கொண்டு வந்தார். சாவி என்னிடம் இருந்ததால் வீட்டைத் திறந்து காட்டினேன். அவர் கிணற்றில் தண்ணீர் எவ்வளவு, பின்கதவுக்குத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கூடத்துக்குள் நேராகப் போய் ஒரு ஜன்னலுக்கு முன் நின்றாள். வெளியே தெரு நெடுகப் பாவு கட்டியிருந்தார்கள். நல்ல அரக்குச் சிவப்பு. வெயில் பட்டு அந்த நிறம் ஜன்னலுக்குள்ளும் கொஞ்சம் வந்தது. அவள் கையிலிருந்த மஞ்சள் பையை ஜன்னலுக்குக் கீழே தரையில் வைத்தாள்.

"இது எனுது" என்றாள்.

"ஏய், எடு அத. வந்த உடனே பட்டா போடறா பாரு" என்றார் அப்பா.

அவள் பையை எடுத்துக்கொண்டாள். ஆனால் கிளம்பும்போது என்னிடம் மெதுவாக, "சார், வேற யார்னா கேட்டா இந்த எடத்துக்கு ஆளு வந்தாச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். அப்படிக் கேட்கப் பின்னால் ஒருவரும் வரவில்லை.

அடுத்த வாரமே அந்த வீட்டுக்கு முதல் ஆள் வந்து சேர்ந்தாள், ஆனால் படிக்க இல்லை. முசரவாக்கத்திலிருந்து வலி கண்ட ஒரு பெண்ணை ஜட்காவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கிறார்கள். வழியில் நிலைமை மீறிவிட்டது. ஜட்காக்காரருக்குக் கண்ணில் பட்டது எங்கள் பலகை. என்னைச் சாவிக்காக இழுத்துக்கொண்டு போனபோது மாமியார்க்காரி வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "விடுதின்னு எழுதி வச்சிட்டு பூட்டு போட்டு வச்சிருக்கீங்களே, நீங்கள்லாம் மனுசங்களா? ஊட்ல பொம்பளங்க இல்ல?"

இது வேறு விடுதி அம்மா என்று விளக்க வாயெடுத்தேன். வேறு எந்த விடுதி என்று கேட்டால் பதில் இல்லை என்பது அதே நொடியில் உறைத்தது. கதவைத் திறந்துவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினேன். என் வாழ்க்கையில் நான் பயனுள்ள வகையில் ஓடியது அன்று ஒருநாள்தான்.

தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது. டாக்டரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார். "சார், இன்னுமா இது எந்த விடுதின்னு யோசிக்கிறீங்க?" என்றார்.

அடுத்த கூட்டத்தில் என் நாற்காலிகள் சூடாக இருந்தன.

"அந்தப் பொண்ணு நாலு எழுத்து படிச்சிருந்தா முன்னாடியே ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பா. கடைசி நேரத்துல ஜட்காவுல வந்திருக்க மாட்டா" என்றார் தலைமையாசிரியை.

"படிக்கறதுக்கு மொதல்ல உயிரோட பொறக்கணும்மா" என்றார் டாக்டரம்மா.

"ரெண்டும் நல்ல காரியம்மா, நான் இல்லேங்கல" என்றார் புடவைக் கடைக்காரர். "கட்டிலு, விளக்கு, மருந்து, சோறு, இதெல்லாம் வரதர் வந்து குடுப்பாரா? வெளியூர்க்காரன் ஒரு ராத்திரி தங்கினா ஊருக்கே வரும்படி. அதுல ஒங்க ரெண்டு பேருக்கும் செஞ்சிட்டுப் போறோம்."

மூன்று பேரும் சொன்னது சரி. ஒருவராவது அயோக்கியராக இருந்திருந்தால் அன்று இரவே முடிவெடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்போம். பெரியவரைப் பார்த்தோம். "மூணும் ஆவட்டும்" என்றார். பிள்ளை பெற்ற அறைக்குப் பக்கத்தில் வெளியூர்க்காரன் தங்கக்கூடாது என்றார் டாக்டரம்மா. ஆண்கள் வந்து போகிற வீட்டில் ஒரு பெண்ணைக்கூடத் தங்க வைக்க மாட்டேன் என்றார் தலைமையாசிரியை.

கடைசியில் பெண்கள் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் மாணவியர் விடுதி. முன்னறையில் மட்டும் கர்ப்பிணிகளைப் பார்க்க டாக்டரம்மா வாரம் இருமுறை வருவார். புடவைக் கடைக்காரரும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"வைகாசியில கருட சேவை வருது. ஊரே நெரம்பி வழியும். அந்த உற்சவம் முடியற வரைக்கும் மட்டும் வெளியூர்க்காரங்க தங்கட்டும். அப்புறம் கழுவி உட்டுட்டுக் குடுத்துர்றோம். வூடு சும்மாதான இருக்குது?"

ஒரு தப்பும் இல்லாத வேண்டுகோள். வருகிறவர்களுக்கு இடம் கொடுக்காமல் கோயில் ஊர் என்று எதற்குச் சொல்லிக்கொள்வது? எல்லோரும் சரி என்றோம்.

உற்சவத்துக்கு முதல் நாள் பலகையைப் பார்த்தேன். வெற்றிடத்தில் 'பயணியர்' என்று ஏறியிருந்தது. திடுக்கிட்டுக் கடைக்காரரிடம் போனேன். அவர் சிரித்தார். "பெயிண்டு இல்ல சார், சுண்ணாம்பு. வர்றவனுக்கு அடையாளம் தெரியணும் இல்ல? ஒரு மழ பேஞ்சா போயிரும்." பெயிண்டருக்கும், உற்சவம் முடிந்த அன்றே வந்து 'மாணவியர்' என்று நிரந்தரமாக எழுத வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தோம். வெள்ளைப் பெயிண்டு டப்பாகூட என் நூலகத்தில்தான் இருந்தது, வாழ்க்கை வரலாறுகளுக்குப் பக்கத்தில்.

அந்த வருஷம் உற்சவம் பள்ளி திறக்கிற நாட்களோடு வந்து ஒட்டிக்கொண்டது. கருட சேவைக்குச் சுற்று வட்டாரமே திரண்டு வரும். எப்படியும் வண்டி கட்டுகிறோம், மகளையும் அப்படியே சேர்த்துவிட்டு வந்துவிடலாம் என்று தாமல்காரர் நினைத்ததில் என்ன தவறு? எங்கள் ஊரில் இரண்டு காரியங்கள் அவ்வளவு ஒழுங்காக ஒரே நாளில் சந்தித்துக்கொண்டதே இல்லை.

கருட சேவையன்று நான் விடுதிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் வண்டி வாசலில் நின்றது. வண்டியில் ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய பாய், அதன்மேல் அந்தப் பெண். தலையில் புதுப் பூ. வீட்டு வாசலில் ஒருவர் கண்ணாடியை மரத்தில் மாட்டிச் சவரம் செய்துகொண்டிருந்தார். உள்ளே ஜன்னல் கம்பிகளில் ஈர வேட்டிகள் தொங்கின. கூடத்தில் யாரோ சீட்டாட்டத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விவசாயி பலகைக்குக் கீழே நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினார்.

"ப... ய... ணி... யர். பயணியர்னா யாரு சார்?"

"வெளியூர்லேருந்து வர்றவங்க. ஆனா இது உற்சவத்துக்கு மட்டும்தான். முடிஞ்சதும் நம்ம பொண்ணுங்களுக்குத்தான். பாருங்க, இது பெயிண்டே இல்ல, வெறும் சுண்ணாம்பு" என்று ஓர் அதிகாரியைப்போல விளக்கினேன். நம்பிக்கை வரட்டும் என்று எட்டி ஒரு மூலையைத் தேய்த்தும் காட்டினேன். விரலில் வெள்ளையாக வந்தது.

அவர் என் விரலைப் பார்த்தார். உள்ளே பார்த்தார்.

"எழுத்து சுண்ணாம்பு, சரி. உள்ள குந்திக்கினு இருக்கற ஆளுங்களும் சுண்ணாம்பா சார்?"

சவரம் செய்துகொண்டிருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டே மறு கன்னத்துக்குப் போனார்.

"ஒரு பத்து நாள் பொறுத்துக் கூட்டிக்கினு வாங்க" என்றேன்.

"வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். எங்கள் வட்டாரத்தில் 'வரமாட்டேன்' என்பதற்கும் அதே சொல்தான்.

அன்று அந்தப் பலகையைப் பார்த்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை. கருட சேவைக்கு வந்த கிராமமெல்லாம் பார்த்தது. 'வெளியூர்க்காரனுக்குக் குடுத்துட்டாங்க' என்ற சேதி பெருமாள் வாகனத்தைவிட வேகமாக ஊர் ஊராகப் போனது. உற்சவம் முடிந்தது. சொன்னபடியே மழை பெய்து எழுத்து கரைந்து போனது. சொன்னபடியே கடைக்காரர் வீட்டைக் கழுவிக் கொடுத்தார். தலைமையாசிரியை கட்டில்கள் வாங்கிப் போட்டுக் காத்திருந்தார். சேர வந்த பெண்கள் ஒன்றிரண்டு பேர். அவர்களையும் 'இவ்வளவு பெரிய வீட்டில் தனியாகவா?' என்று பெற்றோர் திரும்பக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆளே இல்லாத வீட்டுக்கு மாணவியர் விடுதி என்று எழுதுவானேன் என்று பெயிண்டரை நிறுத்தி வைத்தோம். மறுபடியும் வெறும் நீலம்.

நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தாமலுக்குப் போனேன். அவர் ஏரி மதகுக்குப் பக்கத்தில் இருந்தார். மோர் கொடுக்கச் சொன்னார். மகளே கொண்டுவந்தாள்.

"மழையில அழிஞ்சு போச்சுங்க. பலகையில இப்ப ஒண்ணுமே இல்ல" என்றேன், ஒரு நல்ல சேதியைப்போல.

"அதான் சார் பயமா இருக்குது" என்றார். கோபமே இல்லை குரலில். "ஒண்ணும் எழுதாத பலகையில யாரு வேணா வந்து எழுதலாம். நாளைக்கு இன்னொரு திருவிழா வரும். நீங்க நல்லவரு. ஒங்க கையில இன்னா இருக்குது சொல்லுங்க?"

சாவி இருந்தது. அதைச் சொல்லிப் பயனில்லை. ஏற்கெனவே அக்காவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டதாகவும், கல்யாணம் மறுவருஷம் தையில் என்றும் சொன்னார். நான் மோர் டம்ளரைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் கேட்டாள்:

"அந்த ஜன்னல் பக்கம் யார்னா இருக்காங்களா சார்?"

"யாரும் இல்லம்மா."

"ஓ" என்றாள். யாராவது இருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்குமோ என்று திரும்பும் பஸ்ஸில் தோன்றியது. பஸ் அவர் சொன்னதுபோலவே தாமதமாகத்தான் வந்தது. நரி மட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவை சீக்கிரம் நடந்தன. டாக்டரம்மாவுக்கு மாற்றல் வந்தது. மார்கழியில் பெரியவர் காலமானார். வீட்டை ஊருக்குக் கொடுத்தது வாய்ச்சொல்லாகவே இருந்துவிட்டதால், பிள்ளைகள் சென்னையிலிருந்து வந்து என்னிடம் மரியாதையாகச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். தலைமையாசிரியை மட்டும் அன்று அழுதார். மறுநாளிலிருந்து அவரும் மற்றவர்களைப்போல வேறு வேலைகளைப் பார்த்தார்.

வீடு கை மாறியது. வாங்கியவர் மூன்று கட்சிகளுக்கும் தோன்றாத ஒரு சொல்லை எழுதினார். பழைய பலகையையே வைத்துக்கொண்டு, அந்தக் காலி இடத்தில், நாங்களெல்லாம் அதை விட்டு வைத்ததே தனக்காகத்தான் என்பதுபோல, 'சைவ உணவு' என்று கச்சிதமாகச் சேர்த்துக்கொண்டார். முந்தி பொருந்திவிட்டது. சாம்பார் நன்றாக இருக்கும். நானும் அங்கேதான் பெரும்பாலும் மத்தியானம் சாப்பிட்டேன். கொள்கை உள்ளவன் போகக்கூடாது. ஆனால் நூலகத்துக்குப் பக்கத்தில் வேறு நல்ல இடம் இல்லை.

எழுபதுகள் முடிகிற சமயம். ஒரு மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். எதிரே ஜன்னலோர மேசைக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். கூட எட்டு வயதுப் பெண் குழந்தை. கோயிலிலிருந்து வந்திருக்க வேண்டும், நெற்றியில் குங்குமம் ஈரமாக இருந்தது. உட்கார்ந்ததும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அன்றும் தெருவில் பாவு கட்டியிருந்தார்கள். பச்சை. கையிலிருந்த பையை ஜன்னலுக்குக் கீழே வைத்தாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு யாரென்று புரிந்தது. அவளுக்கு என்னைப் புரிய அவ்வளவு நேரம் ஆகவில்லை.

"லைப்ரரி சார்தான நீங்க? இன்னா சார், தலையில ஒண்ணுமே இல்லாம பண்ணி வச்சிருக்கீங்க!"

வழுக்கையைத் தடவிக்கொண்டு அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறார், இப்போதும் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிக்கிறார் என்றாள். பிறகு மகளிடம் திரும்பினாள்.

"தெரியுமாடி? அம்மா ஒம்போதாங் கிளாசுக்கு இங்கதான் தங்க வேண்டியது. இந்த ஜன்னல் பக்கம்தான்."

குழந்தை கூடத்தைச் சுற்றிப் பார்த்தது. எச்சில் இலைகள், ஈரத் தரை, தோளில் துண்டோடு ஓடுகிற ஆட்கள்.

"இங்கியா? படிச்சியாம்மா?"

"இல்லடி. எடம் புடிச்சேன்" என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரிக்க வேண்டியிருந்தது. பலகைக்கு ஒரு முன்சொல் கிடைத்துவிட்டது. எனக்குத்தான் அவளிடம் முதலில் எந்தச் சொல்லைச் சொல்வது என்று தெரியவில்லை. அதற்குள் பரிமாறுகிறவர் வந்து அவள் முன்னால் இலையைப் போட்டு, தண்ணீர் தெளித்து, அவசரமாகக் கேட்டார்:

"ஜன்னல் பக்கம் எத்தினி பேரும்மா?"